“என் மகன் சும்மாதான் நின்றான்”: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி:

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் மகன் பதினொன்றாம் வகுப்பு. வயது 16 முடிந்து நான்கு மாதம். கணவர் சவூதியில் ஓட்டுநர். இரண்டு மாதத்துக்கு முன்பு, பள்ளி விட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வேறு தெருப் பையன் ஒருவனோடு தகராறு. மறுநாள் மாலை என் மகனும் இன்னும் மூன்று பேரும் அவனை மறித்திருக்கிறார்கள். அவர்களில் 19 வயதுப் பையன் ஒருவன் அரிவாளால் வெட்டிவிட்டான். அந்தப் பையனுக்குக் கையில் காயம். என் மகன் சும்மாதான் நின்றான். ஆனாலும் கொலை முயற்சி வழக்கில் அவனையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணைக் காலத்தில் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். தலைமையாசிரியர் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். என் தம்பி, “தெரிந்த சப்-இன்ஸ்பெக்டர் இருக்கிறார், ஸ்டேஷனில் வைத்து நாலு சாத்தினால் புத்தி வரும், இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஜெயிலை ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம்” என்கிறான். மாமனார் திருப்பூருக்கு அனுப்பி பனியன் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்கிறார். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். சாதிச் சங்கத்தார் வீட்டுக்கு வந்து, வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, பையனுக்குச் சால்வை போட்டுவிட்டுப் போனார்கள். அவனோ இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. யாரோடும் பேசுவதும் இல்லை. கணவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும்? நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ இது தடையாகிவிடுமா?

(நீண்ட கடிதம் இங்கே சுருக்கப்பட்டுள்ளது. பெயர், ஊர், பள்ளி அனைத்தும் நீக்கப்பட்டுள்ளன. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம்.)

பதில்:

அன்புள்ள அம்மா,

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வரும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கம் விசாரித்து, சமூகப் புலனாய்வு அறிக்கை எழுதித் தருவது என் வேலையாக இருந்தது. உங்கள் கடிதத்தையும் அந்தப் பழக்கத்தில்தான் படித்தேன். எதை எழுதியிருக்கிறீர்கள் என்பதைவிட எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பேன். நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். வெட்டுப்பட்ட பையனைப் பற்றி அதில் இருப்பது ஒரே ஒரு வரி: “கையில் காயம்.” எந்தக் கை, விரல் அசைகிறதா, அவன் திரும்பப் பள்ளிக்கு வந்தானா என்று ஒன்றுமே இல்லை. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெற்ற மனம் தன் பிள்ளையைத்தான் முதலில் பார்க்கும். ஆனால் உங்கள் மகன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பையனுக்கு வீட்டில் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ, அவன் மனதிலும் அவ்வளவுதான் கிடைக்கும். அதனால் முதல் வேலையாக அந்தப் பையனின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் போகாதீர்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசவும் போகாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக அது முடியும், ஜாமீனும் கெடும். உங்கள் நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்கள், அல்லது வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். தெரிந்ததை மகனிடம் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை. 16 வயது தாண்டிவிட்டால் பெரியவர்களைப் போல் விசாரித்துப் பெரிய சிறையில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2012-இல் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் அப்படியொரு வழி சேர்க்கப்பட்டது உண்மை. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த வழி கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்று சட்டம் சொல்லும் குற்றங்கள்தான் அந்த வகையில் வரும். கொலை முயற்சிக்கு அதிகபட்சத் தண்டனை பெரிதாக இருந்தாலும், குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்று எங்கும் இல்லை. இப்படிப்பட்ட குற்றங்களைக் கொடுங்குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. 2021-இல் சட்டமும் அதன்படி திருத்தப்பட்டது. எனவே நீங்கள் எழுதியிருக்கும் பிரிவு மட்டும் என்றால், உங்கள் மகனின் வழக்கு குழுமத்திலேயே நடந்து அங்கேயே முடியும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தால் கணக்கு மாறலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை வைத்து வழக்கறிஞரிடம் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அந்த 19 வயதுப் பையனின் வழக்கு தனியாக வழக்கமான நீதிமன்றத்தில் நடக்கும். சிறுவனையும் பெரியவனையும் ஒன்றாக வைத்து விசாரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

குழுமத்தில் உட்காரப்போகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் நீதித்துறை நடுவர். மற்ற இருவர் சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் உறுதியானாலும் அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகள் அவர்கள் கையில் உண்டு. அதிகபட்சம், சிறாரைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. இதையெல்லாம் பார்த்து “இப்போதைய சட்டம் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறது” என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிறாருக்குத் தனிச் சட்டம் நேற்று முளைத்ததல்ல. சென்னை மாகாணம் 1920-லேயே குழந்தைகளுக்கென்று சட்டம் போட்டுவிட்டது. வெள்ளைக்கார ஆட்சிக்கே புரிந்த விஷயம் அது.

வயதைக் குறைக்கிறேன் என்று பணம் கேட்கும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று என்று வரிசையாகப் பார்த்துத்தான் குழுமம் வயதை முடிவு செய்யும். உங்கள் பிள்ளை உண்மையிலேயே சிறுவன். உண்மையிலேயே சிறுவனாக இருப்பவனுக்குப் போலிச் சான்றிதழ் எதற்கு? அது பிடிபட்டால் உங்கள் மேல் புதிதாக ஒரு வழக்கு வரும். அதைவிட முக்கியம், அம்மாவே பொய் ஏற்பாடு செய்கிறாள் என்பதை அவன் பார்ப்பான். வழக்கறிஞருக்குச் செலவு என்ற கவலையும் வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். வருமானச் சான்றெல்லாம் கேட்க மாட்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சால்வை போட்டவர்கள்தான். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

உங்கள் தம்பி. தாய்மாமனுக்கு உரிமை அதிகம், கோபமும் அதிகம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அடித்தால் புத்தி வரும் என்றால், இந்தப் பிள்ளைகளுக்குத்தான் எல்லோருக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். வீட்டில், பள்ளியில், தெருவில் என்று நன்றாக அடி வாங்கியே வளர்ந்தவர்கள்தான் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர். பலம் உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அடி கற்றுக்கொடுக்கிறது. அதைத்தானே அந்த நான்கு பேரும் அன்று மாலை செய்துகாட்டினார்கள்? தவிர, காவல் நிலையத்தில் வைத்துச் சிறுவனை அடிப்பது சட்டப்படி கொடுமை. நட்புக்காகச் செய்தாலும் அதன் பெயர் அதுதான். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் பணியாளர்கள் அடித்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். அவர்கள் கைதானார்கள். அதன் பிறகு அரசு இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு நியமிக்கப்பட்டார். “நாலு சாத்து” எங்கே போய் நிற்கும் என்பது சாத்துகிறவனுக்கே தெரியாது.

ஜெயிலைக் காட்டுவது இன்னும் சுவாரசியமான யோசனை. ஏனென்றால் அதை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் நியூ ஜெர்சியில் ஒரு சிறையில் ஆயுள் கைதிகளைக் கொண்டு இளைஞர்களை மிரட்டவைத்தார்கள். பல மாநிலங்கள் அதை எடுத்துக்கொண்டன. பிறகு ஆராய்ச்சியாளர்கள், குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துச் சிறையைப் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். அப்படிப்பட்ட ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களே பிறகு அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. 16 வயதுப் பையனை நாலு பேர் முன்னால் பயமுறுத்தினால், தான் பயப்படவில்லை என்று அதே நாலு பேருக்குக் காட்ட அவனுக்கு ஒரு வேலை வந்துவிடும். உங்கள் மகன் ஏற்கெனவே போதுமான அளவு பயந்திருக்கிறான். விளக்கை அணைக்க விடாதவனுக்கு எந்த ஜெயிலையும் காட்ட வேண்டாம்.

அந்த விளக்கு விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கண் முன்னால் ஒரு வெட்டு விழுவதைப் பார்த்தவன் அவன். தன் பக்கத்து ஆள்தான் வெட்டினான் என்பதால் அந்தக் காட்சி அவனை விட்டுவிடாது. தூக்கம் கெடுவது, பேச்சு நிற்பது, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது ஆகியவற்றையெல்லாம் திமிர் என்று வீட்டார் நினைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். போவதற்குத் தயங்கினால் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவி உண்டு, தமிழில் பேசலாம். “சாகலாம் போல இருக்கிறது” என்று ஒரு சொல் அவன் வாயில் வந்தாலும் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

இப்போது திருப்பூர். மாமனார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: இந்தச் சூழலை விட்டு அவனை நகர்த்த வேண்டும் என்பது சரி. ஆனால் எங்கே? வேலைக்குப் போகும் 16 வயதுப் பையன் கையில் வாரக்கூலி இருக்கும். விடுதி அறையில் அவனைவிடப் பெரியவர்கள் இருப்பார்கள், கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். படிப்பு அறுந்த பையனைத் திரும்பப் பள்ளியில் உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொல்வார். குற்றத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் கயிறுகளில் பள்ளிதான் கெட்டியானது. அதை நீங்களே அறுக்காதீர்கள்.

அதற்காக அதே பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வெட்டுப்பட்ட பையனும் அங்கேதான் படிக்கிறான் என்றால், இடம் மாற வேண்டியவன் உங்கள் மகன்தான். நம் ஊரில் நடப்பது வேறு. அடிபட்டவன்தான் பயந்து நின்றுவிடுவான், அடித்தவன் வந்துகொண்டிருப்பான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அவன் சில நாள் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தான். அந்த வராமை ஒரு புகார்தான். எனவே தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், இப்படிச் சொல்லுங்கள்: “டி.சி. வாங்கிக்கொள்கிறேன், ஆனால் வேறு பள்ளியில் சேர்க்கை உறுதியான பிறகு.” வெறுங்கையோடு டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வருட நடுவில் சேர்க்கத் தயங்கினால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பள்ளிக்குப் போக வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் குழுமத்துக்கு உண்டு. அடுத்த அமர்வில் அதை வேண்டுதலாகவே வையுங்கள். படிக்க வைக்கச் சொல்லிக் கேட்கும் பெற்றோரைக் குழுமம் மதிக்கும்.

நான் எழுத விரும்பிய முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு சம்பவமும் மாலையில்தான் நடக்கின்றன. தகராறு பள்ளி விட்ட பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது. வெட்டும் மறுநாள் அதே நேரத்தில். உங்கள் மகனின் பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, உங்கள் ஊர்ப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? நான் போன பல கிராமங்களில், கடைசி மணி அடிப்பதற்கும் பஸ் வருவதற்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடக்கும். நிழற்குடையின் ஒரு பக்கம் ஒரு தெருப் பிள்ளைகள், மறுபக்கம் இன்னொரு தெருப் பிள்ளைகள். கையில் இன்ன நிறக் கயிறு என்றால் இன்ன ஆள். ஒருவன் செல்போனில் தன் சாதிப் பாட்டைச் சத்தமாக வைப்பான். இன்னொருவன் அதைவிடச் சத்தமாக வைப்பான். எதிரே டீக்கடை பெஞ்சில், பள்ளியை எப்போதோ விட்டுவிட்ட இரண்டு மூன்று பேர் பைக்கைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வந்ததும் படிக்கட்டில் யார் நிற்பது, ஜன்னல் சீட் யாருக்கு என்பதில் ஒரு முட்டல். அந்த முட்டல் இரவில் போனில் தொடரும், மறுநாள் டீக்கடை பெஞ்சில் இருப்பவன் “விடக்கூடாதுடா” என்பான். அரிவாள் அவன் பைக்கில்தான் வரும்.

சிறார் வன்முறை என்று பேசும்போது பிள்ளையின் குணம், வளர்ப்பு, சினிமா என்று எங்கெங்கோ தேடுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் சிறார் மேல் பதிவானதாகக் காட்டும் வழக்குகள் நாடு முழுவதும் 30,555. அந்த ஆண்டின் மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கு மேல். பிடிபட்ட சிறாரில் மிகப் பெரும்பாலோர் தாய் தகப்பனோடு வாழ்கிறவர்கள், 16 வயதைத் தாண்டியவர்கள். அநாதைகளும் பிறவி முரடர்களும் இல்லை, உங்கள் மகனைப் போன்றவர்கள்தான். வயது ஏற ஏற அவர்களில் பெரும்பாலோர் தானாகவே இதிலிருந்து விலகிவிடுவார்கள். இதுவும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். நம் வேலை, அந்த வயது வரை அவர்கள் கையில் ரத்தம் படாமல் கடத்திவிடுவது. அதற்கு அவன் மொத்த குணத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

எனவே நாளை ஒரு காகிதத்தை எடுத்து, திங்கள் முதல் சனி வரை மாலை நான்கிலிருந்து ஏழு வரை அவன் எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். காலியாக விழும் கட்டங்கள்தான் உங்கள் வேலை. புதிய பள்ளியில் மாலை வகுப்போ விளையாட்டோ இருந்தால் பேசிச் சேர்த்துவிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மனசு வைத்தால் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்வதைவிட அதிகம் செய்துவிடுவார். கபடியோ கைப்பந்தோ, எதுவானாலும் சரி. ஆனால் இரு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடும் இடமாக இருக்கட்டும். தெருவுக்கு ஓர் அணி என்று ஆடினால் பஸ் நிறுத்தச் சண்டைதான் மைதானத்துக்கு மாறும். விளையாட்டு இல்லை என்றால் வேறு நேரப் பஸ். அதுவும் இல்லை என்றால் கொஞ்ச நாளைக்கு நீங்களோ உங்கள் தம்பியோ போய்க் கூட்டி வாருங்கள். தம்பியின் கோபத்துக்கு இது நல்ல வேலை. அடிப்பதற்குப் பதில் தினமும் மாலை சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு மருமகனுக்காகப் பள்ளி வாசலில் நிற்கட்டும்.

பள்ளிச் சாதிப் பிரச்சினையை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுங்கள் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிட்டால் சாதி போய்விடுமா என்று கேலி பேசினார்கள். போகாதுதான். ஆனால் நிழற்குடையில் யார் யாருடைய ஆள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுவதாவது குறையும். உங்கள் மகன் கையில் இன்னும் கயிறு இருந்தால், கத்திரியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவனே கழற்றட்டும். ஏன் என்று பேசுங்கள்.

சால்வை போட்டவர்களுக்கு வருகிறேன். இந்த முழுக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அரிவாள் அல்ல, அந்தச் சால்வை. கூர்நோக்கு இல்லத்திலிருந்து தலை குனிந்து வந்த பையனுக்கு, ஊரில் முதன்முதலாகக் கிடைத்த மரியாதை அது. படிப்புக்கு யாராவது அவனுக்குச் சால்வை போட்டிருக்கிறார்களா? அவர்கள் தரும் வக்கீல் செலவை வாங்கினால் நாளைக்கு ஒரு ஊர்வலத்துக்கு, ஒரு கொடிக்கம்பத்துக்கு, இன்னொரு மறியலுக்கு அவன் கடன்பட்டவன் ஆகிறான். சிறுவன் என்றால் தண்டனை குறைவு என்று கணக்குப் போட்டே பிள்ளைகளை முன்னால் தள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். சிறுவரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. இந்தப் பிரிவைக் காவல்துறை எடுத்துப் பயன்படுத்தியதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன் என்பது வேறு விஷயம். பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். சால்வையையும் கொடுத்துவிடுங்கள். ஊரில் தனியாக நின்று இதைச் செய்வது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று தெரியும். “கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள், யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாதாம்” என்று கோர்ட் மேல் பழி போட்டுக்கொள்ளுங்கள். மிரட்டினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுதுங்கள்.

அவனோடு எப்படிப் பேசுவது? “ஏன்டா இப்படிச் செய்தாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 16 வயதில் யாரிடமும் பதில் இருக்காது. தூங்கப் போகும் முன்பு வேண்டாம். சாப்பாடு முடிந்து, அவனும் நீங்களும் மட்டும் இருக்கும்போது, அன்று மாலையை நிமிடம் நிமிடமாகக் கேளுங்கள். யார் கூப்பிட்டது? போனிலா, நேரிலா? கிளம்பும்போது அரிவாள் இருப்பது தெரியுமா? நீ எந்தப் பக்கம் நின்றாய்? அவன் ஓடப் பார்த்தபோது வழி எங்கே இருந்தது? நீ நின்ற இடத்தில் நீ இல்லை என்றால் அவன் ஓடியிருக்க முடியுமா? கடைசிக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். “சும்மாதான் நின்றான்” என்பது உங்கள் வாக்கியம். அவன் அதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்பியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பான். நாலு பேர் மறிக்கும்போது சும்மா நிற்பவன் என்று யாரும் கிடையாது, சட்டத்திலும் கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: வழக்கு முடியும் வரை இந்தப் பேச்சு உங்கள் இருவருக்குள்தான். அதை எழுதிவைக்கவோ, உறவினரிடம் சொல்லவோ, போனில் பேசவோ வேண்டாம். குழுமத்தில் என்ன சொல்வது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

சிகாகோ நகரத்துப் பள்ளிகளில் இப்படி யோசிக்கப் பழக்கும் ஒரு வகுப்பு உண்டு. அதில் ஒரு விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்வார்கள். முப்பது விநாடியில் மற்றவன் அதை எடுக்க வேண்டும். முறுக்குவான், பிடுங்குவான், கீழே தள்ளுவான். நேரம் முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: “பந்தைக் கொடு என்று ஏன் ஒருவனும் கேட்கவில்லை?” கேட்டிருந்தால் என்னைக் கோழை என்று நினைத்திருப்பான் என்பான் ஒருவன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான் மற்றவன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடந்த அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளிடம் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. வகுப்பு நின்ற பிறகு அந்தப் பலனும் மங்கியது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாள் உட்காரவைத்து அறிவுரை சொல்லிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அவனுக்கு 18 ஆகும் வரை இது வாரா வாரம் நடக்க வேண்டும்.

செல்போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். ஆனால் அந்த நால்வர் குழுவிலிருந்து அவன் வெளியேற வேண்டும். அரிவாளோடு போட்ட படம், பாட்டு, ஸ்டேட்டஸ் எதையும் இனிமேல் போடக் கூடாது. பழையதை அழிக்கச் சொல்லிவிடாதீர்கள், சாட்சியத்தை அழித்தான் என்று ஆகிவிடும். வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள். 19 வயதுப் பையனும் வெளியே வந்துவிட்டால் இருவரும் சந்திக்கவே கூடாது. கெட்ட சகவாசம் என்ற காரணத்துக்காக ஒரு சிறுவனின் ஜாமீனை மறுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கணவருக்கு இன்றே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். முதல் நாள் கத்துவார், அந்தப் போனை மகனிடம் கொடுக்காதீர்கள். இரண்டாம் நாள் கொடுங்கள். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு, சவூதியில் அப்போது மூன்று மணி, இரண்டு நிமிடம் அவர் மகனைக் கூப்பிட்டு “எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டால் போதும். வண்டி ஓட்டும்போது அல்ல, நிறுத்திவிட்டு.

அடுத்த அமர்வுக்குப் போகும்போது புதிய பள்ளியின் சேர்க்கைச் சீட்டு, மருத்துவமனை சீட்டு, நான் சொன்ன மாலை நேர அட்டவணை மூன்றையும் கையில் வைத்திருங்கள். சமூகப் புலனாய்வு அறிக்கையில் நன்னடத்தை அலுவலர் எழுத வேண்டியது அநேகமாக அதிலேயே இருக்கும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், எல்லா அமர்வுக்கும் தவறாமல் போங்கள். நாளைக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ இது தடையாகிவிடுமே என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். குழுமத்தில் முடியும் வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. தீர்ப்பு வந்த பிறகு, அந்த ஆவணங்களை அழிக்கச் சொல்லிக் குழுமத்தில் மறக்காமல் ஒரு மனு கொடுங்கள். தானாக நடக்கும் என்று விட்டுவிட்டால் கட்டு எங்காவது ஓர் அலமாரியில் கிடந்துகொண்டிருக்கும்.